ஃபிலேவுக்குத் தனிப் படகு, தீவுகளுக்குத் தனிப் படகு

கேள்வி: எகிப்தின் அஸ்வானில் எங்களுக்கு ஒரு பகல்தான் இருக்கிறது. ஃபிலே கோயில், எலிஃபன்டைன் தீவு, தாவரத் தோட்டத் தீவு மூன்றையும் ஒரே பாய்மரப் படகில் பார்த்துவிட முடியுமா? கூட வரும் அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு.

பதில்: ஒரே படகில் முடியாது, குறுக்கே அணை நிற்கிறது. ஃபிலே இருப்பது 1902இல் முடிந்த பழைய அணைக்கும் 1970இல் முடிந்த உயர் அணைக்கும் நடுவிலுள்ள தேக்கத்தில். மற்ற இரண்டு தீவுகளும் பழைய அணைக்குக் கீழே, ஊரை ஒட்டி. ஊர்க்கரையில் ஃபெலூக்கா என்ற பாய்மரப் படகோடு நிற்பவர் "ஃபிலேவுக்கும் கூட்டிப்போகிறேன்" என்றால், காருக்கும் இன்னொரு படகுக்கும் சேர்த்து விலை பேசுகிறார் என்று பொருள்.

காலையில் ஃபிலேவை முடித்துவிடுங்கள். டாக்ஸியில் ஷெல்லால் படகுத்துறைக்கு அரை மணிக்குள் போய்விடலாம். கோயில் டிக்கெட் துறையிலேயே கிடைக்கும். கார்டு கையில் இருக்கட்டும். படகுக் கூலி டிக்கெட்டில் சேராது. ஆளுக்கு இவ்வளவு என்று பேசாமல், போய்வர, ஒன்றரை மணி காத்திருக்க, படகுக்கு மொத்தம் இவ்வளவு என்று பேசுங்கள். பணம் திரும்பி வந்து இறங்கிய பிறகுதான். முன்பே கொடுத்துவிட்டால் அரை மணியிலேயே அவசரப்படுத்துவார்கள். இறங்கியதும் படகையும் படகோட்டியையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது எல்லாப் படகும் ஒன்றுபோலத் தெரியும்.

அம்மாவுக்குச் சிரமம் கோயிலைவிடப் படகில் ஏறி இறங்கும் இடத்தில்தான். நெருக்கி நிற்கும் படகுகளில் ஒன்றைத் தாண்டி இன்னொன்றுக்குக் கால் வைக்கச் சொல்வார்கள். கரையை ஒட்டி நிற்கும் படகாகக் கேளுங்கள்.

பழைய அணை வந்தபின் கோயில் ஆண்டின் பெரும்பகுதி நீரில் நின்றது. 1972 முதல் 1980 வரை அதைச் சுற்றித் தடுப்பணை கட்டி, நீரை இறைத்து, கல் கல்லாகப் பிரித்து, பக்கத்து அகில்கியா தீவில் அடுக்கினார்கள். தூண்களில் அந்தத் தண்ணீரின் கறைக்கோடு இன்னும் தெரிகிறது. ஹேட்ரியன் வாயிலையும் விடாதீர்கள். தேதி தெரிந்த கடைசிச் சித்திர எழுத்துக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது: கி.பி. 394, ஆகஸ்ட் 24.

வெயில் தணிந்தபின், மூன்று மணிவாக்கில் ஃபெலூக்கா எடுங்கள். நைலில் நீரோட்டம் வடக்கே போகிறது, காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து வருகிறது. அதனால் தெற்கே பாய் விரித்து ஏறலாம், வடக்கே நீரோடு இறங்கலாம். பழைய எகிப்தியர் 'தெற்கே போ' என்று எழுதப் பாய் விரித்த படகையும், 'வடக்கே போ' என்பதற்குப் பாயில்லாத படகையும் வரைந்தார்கள். காற்று விழுந்தால் துடுப்புதான். ஒரு மணிப் பயணம் இரண்டு மணியாகும். ஆகவே கணக்கை மணிக்கு இவ்வளவு என்று விடாமல், எந்தெந்த இடம், மொத்தம் எவ்வளவு என்று முடித்துவிடுங்கள். படகில் கழிப்பறை இருக்காது.

இரண்டு தீவிலும் இறங்காமல், தோட்டத் தீவில் மட்டும் இறங்குங்கள் என்பேன். எலிஃபன்டைனின் தென்முனை இடிபாடுகளும் மேடுபள்ளமுமாக இருக்கும். வெள்ளம் அளந்த நைல்மானியின் படிகள் ஆற்றிலேயே இறங்குவதால் படகிலிருந்தே பார்க்கலாம். தோட்டத் தீவு அதற்குப் பின்னால், மேற்கே இருக்கிறது. அங்கே சமமான, நிழலான பாதை. அம்மா நிதானமாக நடக்கலாம்.

நீங்கள் நைல் பயணக் கப்பலில் வந்து, அது அன்று மதியமே வடக்கே கோம் ஓம்போவுக்குக் கிளம்புவதாக இருந்தால் ஃபெலூக்காவை விட்டுவிடுங்கள். காற்றை நம்பிக் கப்பலைத் தவறவிட முடியாது. கோம் ஓம்போ கோயில் துறைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அங்கே வண்டியும் தேவைப்படாது.