வீட்டு மீடியா சென்டரில் படம் நின்று நின்று ஓடுகிறது. புது ரவுட்டர் வாங்கலாமா?

வாங்க வேண்டாம். இதே கேள்வியோடு கடைக்குப் போய் அடுத்தடுத்து இரண்டு ரவுட்டர் வாங்கியவன் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: டிவிக்குப் பின்னால் ஒரு சிறு கணினி, அதில் படம் ஓட்டுகிற கோடி மென்பொருள் (பெயர்தான் கோடி, காசு கிடையாது), வைஃபை இணைப்பு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை படம் நின்று வட்டம் சுற்றுகிறது. மீதியை நானே ஊகித்துக்கொள்கிறேன். ரவுட்டர் வாசல் பக்கம் இருக்கும், டிவி வீட்டின் நடுவில் இருக்கும். இணையக் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்திருப்பான். ரவுட்டரின் தலைமாட்டில் நின்றபடி தன் கைபேசியில் வேகத்தைக் காட்டி, "நூறு முழுசாக வருகிறது சார், எங்கள் பக்கம் ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். அவன் சொன்னது பொய் இல்லை. ஆனால் நீங்கள் படம் பார்ப்பது ரவுட்டரின் தலைமாட்டில் உட்கார்ந்து இல்லையே.

நான் கணினி படித்தவன் அல்ல. இங்கே பதில் எழுதும் பொறியாளர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. முப்பத்திரண்டு வருடம் தொலைபேசி லைனில் பழுது பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். ஐப்பசி மழையில் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கி ஒரு தெருவே ஊமையாகிவிடும். அப்போது நாங்கள் செய்கிற முதல் வேலை, பில்லரில் (தெருவோர இணைப்புப் பெட்டி) அந்த ஒயர் ஜோடியைக் கழற்றி எக்ஸ்சேஞ்ச் பக்கம் ஒரு தடவை, வீட்டுப் பக்கம் ஒரு தடவை சோதிப்பது. எந்தப் பாதியில் பழுது என்று தெரியாமல் கம்பத்தில் ஏறாதே என்று புதிதாக வேலைக்கு வந்த பையன்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். என் வீட்டுக் கூடத்தில் பழுது வந்தபோது அந்தப் பாடம் எனக்கு ஞாபகம் வரவில்லை. அந்த எரிச்சலில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு கும்பகோணத்தில் பழைய காலத்து வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு என்று ரயில் மாதிரி நீளும். சுண்ணாம்புச் சுவர், ஒன்றரை அடிக் கனம். ஃபைபர் இணைப்பு ரேழியில் நுழைகிறது, ரவுட்டரும் அங்கேதான். டிவி கூடத்தில். 2022 தை மாதம் மகளுக்குக் கல்யாணம். தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை, நான் அவருக்குச் செய்ததெல்லாம் போக, தன்னிடம் சும்மா கிடந்த ஒரு ராஸ்பெரி பை 4 கணினியைக் கொண்டுவந்து டிவிக்குப் பின்னால் ஒட்டி, கோடி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். சீட்டுக்கட்டு அளவு பெட்டி. ஆறு மாதம் எந்தக் குறையும் சொல்ல முடியாது. மதியம் இரண்டு மணிக்கு என் மனைவி யூடியூபில் உபன்யாசம் கேட்பாள், இரவில் நான் பழைய படங்கள் பார்ப்பேன்.

2023 சித்திரையில் ஆரம்பித்தது. உபன்யாசத்தில் பாஞ்சாலி சபைக்கு வருவாள், வட்டம் சுற்றும். அதே வாரம் பக்கத்து வீட்டுக்காரர் புது இணைய இணைப்பு எடுத்திருந்தார். எனக்கு அது போதாதா? அவர் மேல் பழி போட்டேன். கைபேசியில் ஒரு செயலியை நிறுவிப் பார்த்தால் எங்கள் தெருவில் மட்டும் பதினான்கு வைஃபை. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். பாதிப் பேர் ஆறில் உட்கார்ந்திருந்தார்கள், நானும் ஆறில்தான். பதினொன்றுக்கு மாற்றினேன். ஒரு நாள் நன்றாக ஓடியது போலத் தோன்றியது. மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி.

"5 ஜிகாஹெர்ட்ஸில் போட வேண்டியதுதானே" என்று இந்நேரம் யாராவது பின்னூட்டம் எழுத ஆரம்பித்திருப்பார்கள். போட்டுப் பார்த்தேன் ஐயா. அந்த அலைக்கு வேகம் உண்டு, சுவரைத் துளைக்கிற வலு குறைவு. என் ஒன்றரை அடிச் சுவரைத் தாண்டிக் கூடத்துக்கு வரும்போது மைனஸ் 82 டிபிஎம் காட்டியது. டிபிஎம் என்பது சிக்னலின் பலத்தை அளக்கிற அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம் அதிகம். மைனஸ் 67க்குக் கீழே போனால் வீடியோ தடுமாறும் என்பது பொதுவான கணக்கு. 2.4 அதே இடத்தில் மைனஸ் 57 காட்டியது, அது நல்ல அளவு. புதுக் கட்டடத்தில், ஒற்றைச் செங்கல் சுவரில் இருப்பவர்கள் 5க்கு மாறுங்கள், சந்தோஷம். என் வீட்டைப் பற்றித்தான் நான் பேச முடியும்.

பிறகு 1800 ரூபாய்க்கு ஒரு ரவுட்டர். அது உதவவில்லை. நான்கு கொம்பு வைத்த இன்னொன்று 4500 ரூபாய்க்கு. அதுவும் உதவவில்லை. மாப்பிள்ளையிடம் சொன்னேன். மெஷ் என்று வீடு முழுக்க வைஃபை பரப்புகிற பெட்டி ஒரு ஜோடி இருக்கிறது, ஒன்பதாயிரம் ஆகும், வாங்கிவிடலாம் மாமா என்றார். மாப்பிள்ளை சொல்லைத் தட்ட முடியுமா?

இதற்கிடையில் இரண்டு தடயங்கள் என் மூக்குக்கு முன்னால் கிடந்தன. ஒன்று, அதே கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்து என் கைபேசியில் பார்த்தால் எந்தப் படமும் நிற்பதில்லை. இரண்டு, டிவிக்கான ஒயர்லெஸ் கீபோர்டு ஒரு எழுத்தை அழுத்தினால் சில சமயம் விழுங்கிவிடும், சில சமயம் மூன்றாகத் தட்டும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று மாதம் இரண்டு ஜோடி பேட்டரி மாற்றினேன்.

கடைசியில் கண்டுபிடித்தது என் மனைவி. மெஷ் பெட்டிக்கு ஆர்டர் போடப் போகிறேன் என்று சொன்ன அன்று அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "எதற்குங்க அவ்வளவு பணம்? வெள்ளிக்கிழமை நன்றாகத்தானே ஓடுகிறது."

வெள்ளிக்கிழமை தெருவில் எல்லோரும் கோயிலுக்குப் போய்விடுவதால் வைஃபை காலியாக இருக்கும் என்று நான் ஒரு விளக்கம் கொடுத்தேன். அதைப் பதினைந்து நிமிடம் கொடுத்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அன்றைக்கு மேசை துடைப்பதற்காக அந்தக் கறுப்புப் பெட்டியைக் கழற்றி அலமாரியில் வைப்பேன். நீங்கள் ராத்திரி வந்துதான் திரும்ப மாட்டுவீர்கள்" என்றாள்.

கறுப்புப் பெட்டி என்றால் ஹார்ட் டிஸ்க். கல்யாண வீடியோ இருக்கிற ஹார்ட் டிஸ்க். அது எங்கள் வீட்டுக்கு வந்தது சித்திரையில்.

கழற்றினேன். வேறு கணினியிலிருந்து அந்தச் சிறு பெட்டிக்குள் நுழைந்து ரவுட்டருக்குப் பிங் கொடுத்துப் பார்த்தேன், அதாவது ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தேன். டிஸ்க் இல்லாதபோது மூன்று, நான்கு மில்லி நொடி. மாட்டி ஒரு படத்தை நகலெடுக்க விட்டதும் நானூறு, அறுநூறு, நடுவில் பதிலே இல்லை. ஐபெர்ஃப் என்று வேகம் அளக்கிற கருவி ஒன்று இருக்கிறது. அதில் கழற்றினால் 45 மெகாபிட், மாட்டினால் 6. கீபோர்டும் ஒழுங்காகிவிட்டது.

காரணம் இதுதான். யூஎஸ்பி 3 இணைப்பில் தகவல் நொடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் இரைச்சல் அகலமாகப் பரவி 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையின் மேலேயே விழுகிறது. இணைப்பு முனையிலிருந்தும் கேபிளிலிருந்தும் டிஸ்க்கின் பெட்டியிலிருந்தும் கசிகிறது. இது என் கற்பனை அல்ல. இன்டெல் நிறுவனமே 2012-ல் இதைப் பற்றி ஒரு தொழில்நுட்பக் குறிப்பு வெளியிட்டிருக்கிறது. டிஸ்க்கை மாட்டியதும் அந்தப் பட்டையில் இரைச்சல் ஏறக்குறைய 20 டெசிபெல் உயர்வதை அளந்து காட்டியிருக்கிறார்கள். 20 டெசிபெல் என்றால் ஆற்றலில் நூறு மடங்கு. கெட்டிமேளம் கொட்டும்போது தவில்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம் வாசலில் இருந்து பேசினால் என்ன கேட்கும்? வாசலில் இருப்பவனின் தொண்டையில் குறை இல்லை. நான் தொண்டையை மாற்றிக்கொண்டிருந்தேன், 6300 ரூபாய்க்கு. சிக்னல் மைனஸ் 57 என்று நன்றாகவே காட்டியதன் ரகசியமும் இதுதான். அந்த எண் குரலின் உயரத்தைத்தான் சொல்லும், பக்கத்துத் தவிலைச் சொல்லாது.

எங்கள் வீட்டில் டிஸ்க்கும் கணினியும் டிவியின் முதுகில் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டிக்கொண்டு, நடுவில் இரண்டு விரல் இடைவெளி. ராஸ்பெரி பை 4-ல் நீல நிற யூஎஸ்பி துளைகள் இரண்டும் 3, கறுப்பு இரண்டும் 2. நீலம்தான் வேகம் என்று நான் பெருமையாக நீலத்தில் மாட்டியிருந்தேன். கறுப்புக்கு மாற்றினேன், கதை முடிந்தது. வேகம் போய்விடுமே என்பீர்கள். யூஎஸ்பி 2-ன் பெயரளவு வேகம் 480 மெகாபிட். சாதாரண ப்ளூ-ரே படமே அதிகபட்சம் 54 மெகாபிட்தான். படம் பார்க்க அது தாராளம்.

அந்த டிஸ்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, தெரியும். கல்யாணத்துக்குத் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து நாகஸ்வரக்காரர் ஒருவர் வந்திருந்தார். மாப்பிள்ளை அழைப்பன்று தோடி ராகத்தை ஒரு மணி நேரம் ஊதினார். சாப்பிடப் போனவர்கள் இலையைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். ஸ்டுடியோக்காரர் முடித்துக் கொடுத்த வீடியோவில் அந்தத் தோடி இல்லை. ஊதுகிற அவருடைய முகம் இருக்கிறது, கன்னம் உப்புகிறது, விரல் ஓடுகிறது, மேலே சினிமாப் பாட்டு ஒலிக்கிறது. மாலை மாற்றும்போது மெதுவாக ஓடவிட்டு நட்சத்திரம் பறக்கவிட்டிருக்கிறார். கேட்டால், "இப்போது எல்லோரும் இப்படித்தான் சார் கேட்கிறார்கள்" என்றார். நான் கேட்கவில்லையே? எடுத்தது எடுத்தபடி மூலக் கோப்புகளைக் கொடு என்றதற்குத் தனியாக ஐயாயிரம், அதற்கும் பதினைந்து மாத இழுத்தடிப்பு. வேலைக்கு ஒப்பந்தம் போடும்போதே மூலக் கோப்புகளும் அசல் ஒலியும் எனக்கு என்று எழுதி வாங்குங்கள். சரி, விட்டுவிடுகிறேன்.

விட முடியவில்லை, ஏனென்றால் அந்தக் கோப்புகளில்தான் இரண்டாவது பாடம் படித்தேன். ஒவ்வொன்றும் 4கே, நொடிக்கு 100 மெகாபிட். ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. வைஃபை சரியான பிறகும் இவை மட்டும் திக்கித் திக்கி ஓடின. ஆனால் இது வேறு மாதிரித் திக்கல். வட்டம் சுற்றவில்லை, தோடி சீராகக் கேட்கிறது, படம் மட்டும் பின்தங்கித் தாவித் தாவி வருகிறது. கோப்பு டிஸ்க்கிலேயே இருக்கிறது, நெட்வொர்க்குக்கு இதில் வேலையே இல்லை. கீபோர்டில் ஆங்கில ஓ எழுத்தை அழுத்தினால் கோடி அந்தப் படத்தின் விவரத்தைத் திரையில் காட்டும். எச்.264 என்று காட்டியது. வீடியோவைச் சுருக்கி வைக்கிற ஒரு முறை அது, எச்.265 அதற்கு அடுத்து வந்த முறை. ராஸ்பெரி பை 4-ன் வன்பொருள், எச்.265 முறையில் இருந்தால் 4கே படத்தை அனாயாசமாகப் பிரிக்கும், எச்.264-ஐ 1080 (ஃபுல் எச்டி) வரைதான் பிரிக்கும். இது பழுது அல்ல, அதன் அமைப்பு அப்படி. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் என் பழைய மேசைக் கணினி ஒன்பது இரவுகள் உறுமி எல்லாவற்றையும் எச்.265-ஆக மாற்றிக் கொடுத்தது. இப்போது தோடி படத்தோடு ஓடுகிறது.

ஆகவே உங்கள் திரையில் சுற்றுவது வட்டமா, தாவுவது படமா என்று முதலில் பாருங்கள். வட்டம் என்றால் கணினியைச் சுற்றியிருக்கும் யூஎஸ்பி சாமான்கள் அத்தனையையும் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் அதே படத்தை ஓடவிடுங்கள். நன்றாக ஓடினால் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வாருங்கள். அப்போதும் நின்றால், அந்த இடத்திலேயே கைபேசியில் பாருங்கள். அதுவும் நின்றால் மட்டும் ரவுட்டர் பக்கம் போங்கள். திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி வந்தால் சார்ஜர் போதவில்லை. ராஸ்பெரி பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். பழைய போன் சார்ஜரை மாட்டிவிட்டு நெட்வொர்க்கைத் திட்டாதீர்கள்.

டிவியில் செருகுகிற ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றை வாங்கிச் செருகினால் இந்தத் தலைவலியே இல்லை என்று சொல்பவர்களுக்கு: இருக்கலாம். அவர்கள் என் மாதிரி 400 ஜிபி கல்யாணத்தை வைத்துக்கொண்டு அலைபவர்கள் அல்ல.

நான் ஒரு படி மேலே போய், போன மார்கழியில் ரேழியிலிருந்து கூடத்துக்குப் பதினெட்டு மீட்டர் கேட்-6 நெட்வொர்க் கேபிள் இழுத்துவிட்டேன். கேட்-6 நூறு மீட்டர் வரை தாங்கும், வீட்டுக்குள் கவலையே இல்லை. லைன்மேன் கைக்கு ஒயர் பிடித்தால்தான் தூக்கம் வரும். முற்றத்தின் குறுக்கே நேராகக் கட்டலாம் என்று பார்த்தேன், வடாம் காயப்போடுகிற இடம் என்று அனுமதி கிடைக்கவில்லை. தாழ்வாரத்து உத்தரத்தை ஒட்டிச் சுற்றிப் போகிறது. நீங்களும் இழுப்பதாக இருந்தால் மின்சார ஒயர் போகிற குழாயிலேயே இதையும் நுழைத்துவிடாதீர்கள், ஒரு சாண் தள்ளித் தனியாகக் கொண்டுபோங்கள்.