கப்பல் பயணத்துக்கு மடக்கு ஸ்கூட்டர்: முதலில் பேட்டரி லேபிளைப் பாருங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது, எடை 74 கிலோ. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. வீட்டுக்குள் நடக்கிறார், கைப்பிடி இருந்தால் நாலைந்து படி ஏறுகிறார். தெருமுனை வரை போவதென்றால் வழியில் உட்கார இடம் தேடுகிறார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, டிசம்பரில் அங்கிருந்து பினாங்கு, புக்கெட் போய் வரும் நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்கு எங்களுக்கும் சேர்த்துப் பதிவு செய்திருக்கிறான். கோவையிலிருந்து விமானத்தில் போகிறோம். சக்கர நாற்காலி என்றாலே அம்மா முகம் சுளிக்கிறார். ‘என்னை யாரும் தள்ளிக்கிட்டு வர வேண்டாம்’ என்கிறார். இணையத்தில் தானாக மடங்கும் மொபிலிட்டி ஸ்கூட்டர் (நடக்கச் சிரமப்படுகிறவர்கள் உட்கார்ந்து ஓட்டும் மின் வண்டி) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன்: 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி, 25 கி.மீ. ஓடும், எடை 28 கிலோ. வாங்கலாமா?

பதில்: அந்த வண்டி வேண்டாம். வண்டியில் குறை என்பதால் அல்ல, அதன் பேட்டரி விமானம் ஏறாது என்பதால். வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்கினால் வாட்-அவர் வரும், பேட்டரி எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்பதன் அளவு அது. 36 × 10 = 360. கழற்றி எடுக்கும்படி செய்யப்பட்ட லித்தியம் பேட்டரியோடு வரும் மொபிலிட்டி ஸ்கூட்டருக்குச் சர்வதேச விமான விதிகளில் உச்சவரம்பு 300 வாட்-அவர். இரண்டு பேட்டரி போட்டு ஓடும் வண்டி என்றால் ஒவ்வொன்றும் 160-ஐத் தாண்டக் கூடாது. மடக்கு ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை கழற்றும் பேட்டரி வகைதான், அதனால் இந்தக் கணக்கு உங்களை விடாது.

24 வோல்ட் வண்டியாகத் தேடுங்கள். 10 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் 240, 12 என்றால் 288. இரண்டுமே வரம்புக்குள். ‘விமானத்தில் எடுத்துச் செல்லலாம்’ என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். பேட்டரியின் மேலேயே வாட்-அவர் அச்சாகியிருக்கிறதா என்று கேட்டு, அந்த லேபிளைப் புகைப்படம் அனுப்பச் சொல்லுங்கள். செக்-இன் கவுண்டரில் இருப்பவர் நம் வாய்க்கணக்கை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. லேபிள் அழிந்துபோன பழைய பேட்டரியோடு போனால், அது உண்மையிலேயே 240 ஆக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடலாம்.

பேட்டரியைக் கழற்றி, முனைகளை டேப் ஒட்டி மூடி, கைப்பையில் உங்களோடு விமானத்துக்குள் எடுத்துப் போக வேண்டும். வண்டி மட்டும் சரக்கறைக்குப் போகும். லித்தியம் பேட்டரி சூடேறிப் புகைய ஆரம்பித்தால் பயணிகள் இருக்கும் இடத்தில் ஊழியர்கள் பார்த்து உடனே அணைக்கலாம், கீழே சரக்கறையில் அது முடியாது. ஏற்பாட்டுக்குக் காரணம் இதுதான். சீல் செய்த லெட்-ஆசிட் பேட்டரி வண்டிகளையும் விமானத்தில் ஏற்றுகிறார்கள், அவற்றுக்கு விதி வேறு. ஆனால் 12 வோல்ட், 12 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்றே சுமார் 4 கிலோ. வண்டிக்கு இரண்டு வேண்டும். பயணத்துக்கென்று புதிதாக வாங்குகிறவர் லித்தியம் பக்கம் போவதே நல்லது.

இத்தனை பெரிய பேட்டரி எதற்கு என்று யோசித்தால், அந்த 25 கி.மீ.க்காகத்தான். அது உங்களுக்குத் தேவையே இல்லை. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் குவாண்டம் வகைப் பெரிய கப்பல்களின் நீளம் சுமார் 348 மீட்டர். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்த் திரும்பினால் 700 மீட்டர். சாப்பாட்டுக்கு, நாடகத்துக்கு, மேல்தளத்தில் கடல் பார்க்க என்று நாள் முழுக்கச் சுற்றினாலும் ஐந்தாறு கி.மீ. தாண்டாது. விளம்பரத்தில் போடும் தூரம் எடை குறைந்த ஆளை வைத்து, சமதரையில், புது பேட்டரியில் ஓட்டிப் பார்த்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கை நம்பலாம். 15 கி.மீ. என்று போட்டிருக்கும் வண்டியே தாராளம்.

அடுத்தது இருக்கை. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு வண்டி வாங்கும்போது பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். எடையைக் குறைக்க வேண்டும் என்று மடக்கு வண்டிகளில் இருக்கையைத் தாழ்வாகவும் சின்னதாகவும் வைத்துவிடுகிறார்கள். தாழ்வான இருக்கையிலிருந்து எழும்போது பாரம் முழுக்க முழங்காலில் இறங்கும். வீட்டில் அம்மா சிரமமில்லாமல் எழுந்திருக்கும் நாற்காலி எது என்று பாருங்கள்; தரையிலிருந்து அதன் உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண சாப்பாட்டு மேசை நாற்காலி 45 செ.மீ. இருக்கும். வண்டி இருக்கை அதற்குக் கீழே இருக்கக் கூடாது. இன்னொரு அளவும் உண்டு, அதைக் கடைக்காரர் தானாகச் சொல்லமாட்டார்: கால் வைக்கும் பலகைக்கும் இருக்கைக்கும் உள்ள இடைவெளி. அது குறைவாக இருந்தால் முழங்கால் மடங்கியபடியே இருக்கும். அரை மணி நேரத்தில் அம்மா ‘இறக்கி விடு’ என்று சொல்லிவிடுவார். கைதாங்கியும் கட்டாயம் வேண்டும். எழும்போது ஊன்றிக்கொள்ள அதுதான் பிடி. பல மாடல்களில் அதைத் தனியாக விற்கிறார்கள், விலை கேட்கும்போது சேர்த்துக் கேளுங்கள்.

பயண ஸ்கூட்டர்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு. தைவானின் ஃப்ரீரைடர் நிறுவனம் செய்யும் லக்கி போல, மடக்கிப் பெட்டியாக இழுத்துப் போகும் வகை ஒன்று. பிரைடு நிறுவனத்தின் கோ-கோ போல, நான்கைந்து துண்டாகக் கழற்றிக் காரில் வைக்கும் வகை இன்னொன்று. இரண்டாவதில் இருக்கை பக்கவாட்டில் திரும்பும், அகலமாகவும் இருக்கும். முழங்காலுக்கு அதுதான் சுகம். ஆனால் விமானத்தில் துண்டுதுண்டாகக் கழற்றிக் கொடுத்தால் ஏதாவது ஒரு துண்டு வழிதவற வாய்ப்பு இருக்கிறது. விமானமும் கப்பலும் சேர்ந்த பயணத்துக்கு நான் மடக்கு வகையைத்தான் சொல்வேன், இருக்கை உயரம் சரியாக இருந்தால்.

எடை விஷயத்தில், தூக்கப் போவது அம்மா அல்ல, நீங்களும் தம்பியும்தான். 28 கிலோவை டாக்ஸி டிக்கியின் உயரத்துக்குத் தூக்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள். இரண்டாகப் பிரியும் மாடல் என்றால் மொத்த எடையைக் கேட்காமல், அதிக எடையுள்ள துண்டு எத்தனை கிலோ என்று கேளுங்கள். ரிமோட்டை அழுத்தினால் தானே மடங்கும் வித்தை கடையில் பார்க்க ஜோர்தான். அதற்கான மோட்டாரையும் சேர்த்து நாம்தான் சுமக்க வேண்டும். கையால் மடக்குவது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. மடங்கிய அளவையும் குறித்துக்கொள்ளுங்கள், விமான நிறுவனம் கேட்கும். போயிங் 737-இன் சரக்கறைக் கதவு 90 செ.மீ.க்கும் குறைவான உயரம்தான்.

கப்பலில் முதல் கேள்வி அறைக் கதவின் அகலம். சாதாரண கேபின் கதவு பல கப்பல்களில் 22, 23 அங்குலம், அதாவது 56 முதல் 58 செ.மீ. மாற்றுத்திறனாளிகளுக்கான கேபினில் 32 அங்குலம், 81 செ.மீ. மடக்கு வண்டிகள் பெரும்பாலும் 45 முதல் 55 செ.மீ. அகலம். காகிதத்தில் நுழைந்துவிடும்போல் தெரியும். ஆனால் நடைபாதையிலிருந்து நேர்கோணத்தில் திரும்பி நுழைய வேண்டும். அதனால் சாதாரண கேபின் என்றால் வாசலில் அம்மாவை இறக்கி, மடக்கி, உள்ளே இழுத்துப்போவது என்றே திட்டமிடுங்கள். வெளியே நடைபாதையில் நிறுத்திவைக்க விடமாட்டார்கள். ஆபத்து நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வெளியேறும் வழி அது. தம்பி எந்தக் கேபின் எடுத்திருக்கிறார் என்று இன்றே கேளுங்கள். அகலக் கதவு கேபினில் குளியலறைக்குள் படி இருக்காது, பிடித்துக்கொள்ளக் கம்பிகள் இருக்கும். வண்டியே இல்லாவிட்டாலும் உங்கள் அம்மாவுக்கு அந்தக் கேபின்தான் சரி. எண்ணிக்கையில் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். கப்பல் நிறுவனத்தின் சிறப்புத் தேவைப் படிவத்தையும் இப்போதே நிரப்பச் சொல்லுங்கள். ஆபத்து நேரத்தில் லிஃப்ட் ஓடாது, படி இறங்க முடியாதவர் யார் என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

சார்ஜரில் 100–240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கேபினில் 110 வோல்ட் அமெரிக்க பிளக் பாயிண்டும் 220 வோல்ட் ஐரோப்பிய பாயிண்டும் இருக்கும், நம் ஊர் மூன்று முள் பிளக் எதிலும் நுழையாது. அடாப்டர் எடுத்துப் போங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், பல கப்பல்களில் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

விமான நிறுவனத்துக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பு தெரிவிக்க வேண்டும். டிக்கெட் எடுத்த கையோடு எழுதிவிடுவது இன்னும் நல்லது. வண்டியின் எடை, மடக்கிய அளவு, பேட்டரி வகை, வாட்-அவர், லேபிளின் படம் எல்லாம் அதில் இருக்கட்டும், பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு விமான நிலையச் சக்கர நாற்காலி உதவியும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதற்கு மூன்று குறியீடுகள் உண்டு. படி ஏறுவார், தூரம் நடக்கமாட்டார் என்றால் டபிள்யூசிஎச்ஆர். விமானப் படிக்கட்டே ஏற முடியாது, உள்ளே இருக்கை வரை நடப்பார் என்றால் டபிள்யூசிஎச்எஸ். இருக்கை வரை தூக்கிப்போக வேண்டும் என்றால் டபிள்யூசிஎச்சி. நாலைந்து படியே ஏறுகிறவருக்கு இரண்டாவதைப் பதியுங்கள். அந்தக் கொஞ்ச நேரம் தள்ளிக்கொண்டு போவதற்கு அம்மா சம்மதித்துத்தான் ஆக வேண்டும்.

இனி துறைமுகங்கள். பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையை ஒட்டியே நிற்கும், சாய்தளம் வழியாக இறங்கிவிடலாம். ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியா பக்கத்தில்தான். 1833-இல் கட்டிய குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலும் அங்கேயே இருக்கிறது. ஆனால் பழைய கடைவீடுகளின் முன்னால் ஓடும் அந்த ஐந்தடித் தாழ்வாரம் கடைக்குக் கடை உயரம் மாறும், நடுவில் படி வரும். பயண ஸ்கூட்டரின் அடிப்பாகம் தரையிலிருந்து ஆறேழு செ.மீ. உயரத்தில்தான் இருக்கும், படியில் தட்டி நின்றுவிடும். அங்கே சாலை ஓரமாகத்தான் ஓட்ட முடியும், நீங்கள் கூடவே நடக்க வேண்டும். மூன்று சக்கரமா நான்கா என்று கேட்டால், கப்பலுக்குள் மூன்று சக்கரம் சட்டென்று திரும்பும். சாய்வான சாலை ஓரத்தில் நான்கு சக்கரம்தான் சாயாது. நாளின் பெரும்பகுதி கப்பலில் என்பதால் மூன்று போதும்.

புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பட்டோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு, டெண்டர் படகில் ஆட்களைக் கரைக்கு அனுப்பும். ஆடும் படகில் கால் எடுத்து வைத்து ஏற வேண்டும். வண்டியை ஏற்றுவதும் மறுப்பதும் அன்றைய அலையைப் பார்த்துக் கப்பல் அதிகாரி எடுக்கும் முடிவு. டிசம்பரில் அந்தக் கடல் பொதுவாக அமைதிதான் என்றாலும், ஸ்கூட்டரை நம்பி அன்றைக்கு ஊர்சுற்றத் திட்டம் போடாதீர்கள். கூட்டம் இறங்கிப் போன கப்பலில் நாள் முழுக்க இருப்பதும் சுகமானதுதான்.

இவ்வளவும் வாங்குவதற்காகச் சொன்னது. என்னைக் கேட்டால் இந்த ஒரு பயணத்துக்கு வாடகைக்கு எடுங்கள். சிங்கப்பூரில் மொபிலிட்டி ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும், தம்பி இருப்பதால் விசாரிப்பதும் சுலபம். விமானம், பேட்டரித் தலைவலி முழுக்கப் போய்விடும். அம்மாவுக்குப் பிடிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். பிடித்தால் ஊருக்கு வந்து நிதானமாக வாங்கலாம். நம் ஊர் நடைபாதையில் அதை எங்கே ஓட்டுவது என்பதையும் அப்போது யோசித்துக்கொள்ளலாம். எடுக்கும் முன் வண்டியின் அகலத்தையும் பேட்டரி விவரத்தையும் கப்பல் நிறுவனத்துக்கு அனுப்பிச் சம்மதம் வாங்குங்கள். சிங்கப்பூரில் இந்த வண்டிகளுக்கு விதி இறுகியிருக்கிறது: 2025-இல் நிறைவேறிய சட்டத்தின்படி நடக்கச் சிரமப்படுகிறவர் என்ற மருத்துவச் சான்று வேண்டும், வேக வரம்பு மணிக்கு 6 கி.மீ. கிளம்பும் முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தளத்தை ஒருமுறை பாருங்கள். எலும்பு மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு சான்று வாங்கி வைத்துக்கொள்வதும் நல்லது.

வண்டி கப்பலேறும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே கைக்கு வரும்படி சொல்லுங்கள். தம்பி வீடு வீவக (சிங்கப்பூர் அரசின் அடுக்குமாடிக் குடியிருப்பு) புளோக்கில் என்றால் கீழ்த்தளத் திறந்தவெளியே பழக நல்ல இடம். வேகத் திருகை ஆமைப் படத்தில், அதாவது மிக மெதுவான வேகத்தில் வைத்துத் தொடங்கட்டும். வண்டியை ஓட்டக் கட்டைவிரலால் அழுத்தும் நெம்புகோலை விட்டால் வண்டி தானே நின்றுவிடும் என்பது கைக்குப் பழக வேண்டும்; பயந்துபோனால் புதியவர்கள் இறுக்கித்தான் பிடிப்பார்கள், வண்டி இன்னும் பாயும். பின்புறம் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், அதைத் தள்ளினால் மோட்டார் விலகி வண்டி கையால் உருட்ட வரும். அந்த நிலையில் பிரேக்கே கிடையாது. சாய்தளத்தில் அம்மா உட்கார்ந்திருக்கும்போது அதை யாரும் தொடக் கூடாது, உதவிக்கு வரும் ஊழியர் உட்பட. அப்புறம், லிஃப்டுக்குள் பின்பக்கமாக ஏறிப் பழகட்டும், வெளியே வரும்போது எதிரே யார் நிற்கிறார்கள் என்று பார்த்து வரலாம்.