ஒன்பது லட்சத்துக்குச் சமையல் பட்டம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

மும்பை ஹோட்டல்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். நாங்கள் தாராவியில் இருக்கிறோம். அப்பாவுக்கு இட்லி வியாபாரம். தம்பி இந்த வருடம் பன்னிரண்டாவது முடித்திருக்கிறான், காமர்ஸ். செஃப் ஆவேன் என்று ஒரே பிடிவாதம். நவி மும்பையில் ஒரு தனியார் கல்லூரியில் மூன்று வருட கலினரி ஆர்ட்ஸ் பட்டத்துக்கு 9 லட்சம் கேட்கிறார்கள். வங்கியில் 7.5 லட்சம் கடன் கிடைக்கும், மீதியை நாங்கள் போட வேண்டும். கடனுக்குக் கூட்டுக் கையெழுத்து என்னுடையது. லோயர் பரேலில் ஓர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன், சம்பளம் 28,000. படித்து முடித்ததும் கப்பலில் மாதம் ஒரு லட்சத்துக்கு வேலை நிச்சயம் என்கிறார் அட்மிஷன் ஏஜென்ட். "சமைக்கிறதுக்கு எதுக்குப் பட்டம்?" என்கிறார் அப்பா. மாதக் கடைசிக்குள் 50,000 முன்பணம் கட்ட வேண்டுமாம். என்ன செய்யட்டும்?

– பெயர் வேண்டாம், தாராவி

அன்புள்ள தங்கைக்கு,

முன்பணத்தைக் கட்டாதீர்கள். தம்பி செஃப் ஆகட்டும், எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் இந்த விலைக்கு வேண்டாம்.

நீங்கள் கணக்கு எழுதுபவர் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரிக்கு வருடம் 2.5 லட்சமாக வங்கி கொடுக்கும். படிக்கும் மூன்று வருடமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை இல்லை, ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். நான்காம் வருடக் கடைசியில் கடன் ஏறத்தாழ 10 லட்சமாக நிற்கும். அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் 13,700 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும், மொத்தம் 16 லட்சத்தைத் தாண்டிவிடும்.

சரி, தம்பிக்கு என்ன சம்பளம் வரும்? பட்டம் வாங்கியவனும் பெரிய ஹோட்டல் கிச்சனில் பெரும்பாலும் கமி என்ற கடைசிப் படியில்தான் நுழைகிறான். இந்த ஊரில் எனக்குத் தெரிந்த பையன்கள் அந்தப் படியில் 15,000 முதல் 20,000 வரை வாங்குகிறார்கள், பிஎஃப் பிடித்தத்துக்கு முன்னால். கமி மூன்று, இரண்டு, ஒன்று என்று ஏறி, டெமி என்ற அடுத்த படியையும் தாண்டி, ஒரு பகுதிக்குப் பொறுப்பான செஃப் டி பார்ட்டி ஆவதற்குள் சில வருடங்கள் போய்விடும். அதுவரை தவணை உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும். உங்கள் கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, தங்கச்சி. உங்கள் கல்யாணம், உங்கள் மேல்படிப்பு, உங்கள் பெயரில் நாளைக்கு வாங்க வேண்டிய வீட்டுக்கடன் எல்லாவற்றின் மேலும் இந்தக் கையெழுத்து உட்கார்ந்துவிடும். தம்பி ஒரு தவணை தவறினால், வங்கிகள் கடன் கொடுக்கும்முன் பார்க்கும் உங்கள் சிபில் ஸ்கோரும் சேர்ந்து கெடும்.

அப்பா கேட்ட கேள்வி நல்ல கேள்வி. நான் ஹோட்டல் பர்சேஸில் நெடுங்காலம் இருந்தவன், கிச்சனுக்குள் தினமும் போய்வந்தவன். இரவு எட்டரைக்கு ஆர்டர் குவியும்போது அடுப்புக்கு முன்னால் நிற்பவனிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. கை வேகம், சுத்தம், ருசி, அவ்வளவுதான். பட்டம் வேலை செய்வது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, எந்த ஹோட்டலில் இண்டஸ்ட்ரியல் டிரெய்னிங் கிடைக்கிறது, கேம்பஸுக்கு யார் ஆள் எடுக்க வருகிறார்கள் என்பது. பெரிய ஹோட்டல் குழுமங்கள் கிச்சன் மேனேஜ்மென்ட் டிரெய்னி என்று தனியாக ஆள் எடுக்கின்றன. அங்கே தேர்வானால் கமி படிகளை வேகமாகத் தாண்டலாம். அதற்குப் பட்டம் வேண்டும், நல்ல கல்லூரிப் பெயரும் உதவும். இன்னொன்று, பத்து வருடம் கழித்து கிச்சனின் இரண்டாம் தலைவரான சூ செஃப், தலைவரான எக்ஸிக்யூட்டிவ் செஃப் பதவிக்குப் போகும்போது. அங்கே பாதி வேலை மெனு விலை, ஃபுட் காஸ்ட், ஆள் கணக்கு, கொள்முதல். இவற்றைப் படித்தவனுக்கு அப்போது சுலபமாக இருக்கும்.

இந்த இரண்டையும் இதைவிடக் குறைந்த விலைக்குத் தரும் இடம் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தாதர் மேற்கில் உள்ள ஐஹெச்எம், அதாவது இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஹோட்டல் மேனேஜ்மென்ட். 1954-இல் தொடங்கியது, நாட்டின் முதல் ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரி, அதைத் தொடங்கியதும் பெண்கள் அமைப்பு ஒன்றுதான். மூன்று வருட பி.எஸ்ஸி. படிப்பு, கிச்சன் மட்டுமல்லாமல் சர்வீஸ், ஹவுஸ்கீப்பிங், ஃப்ரண்ட் ஆபீஸ் எல்லாம் உண்டு. 'சமையல் மட்டும்தான் வேண்டும்' என்று தம்பி முரண்டுபிடித்தால் மத்திய அரசின் இந்தியன் கலினரி இன்ஸ்டிட்யூட் திருப்பதியிலும் நொய்டாவிலும் கலினரி ஆர்ட்ஸில் பிபிஏ நடத்துகிறது. ஐஹெச்எம்முக்கு என்சிஹெச்எம் ஜேஇஇ என்ற நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான், ஆங்கிலத்துக்குத் தனிப் பகுதியே உண்டு. தம்பி மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்திருந்தால் அதற்கு இப்போதே உழைக்க வேண்டும்.

இந்த இடத்தில் நம் ஆட்கள் பலர் கோட்டை விடும் ஒரு விஷயம் உண்டு. 10.8.1950-க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் இல்லாவிட்டால், பட்டியல் சாதிச் சலுகை மகாராஷ்டிர அரசிடம் கிடைக்காது. அதைக் கேட்டுவிட்டு, நமக்கு எங்கேயும் கிடைக்காது என்று விட்டுவிடுகிறார்கள். ஐஹெச்எம் சேர்க்கையில் இருப்பது மத்திய அரசின் இடஒதுக்கீடு. தமிழ்நாட்டில் அப்பா பெயரில் உள்ள சாதிச் சான்றிதழைக் காட்டி, தம்பி பெயரில் சான்றிதழ் வாங்கி அதற்கு விண்ணப்பிக்க முடியும். உங்களுக்கு இது பொருந்துமா என்று எனக்குத் தெரியாது. பொருந்தினால் காகிதங்களை இப்போதே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், ஊருக்கும் மும்பைக்கும் அலைய நேரம் பிடிக்கும்.

இந்த வருட நுழைவுத்தேர்வைத் தம்பி எழுதவில்லை என்று நினைக்கிறேன். காலி இடங்களுக்கு நேரடியாகச் சேர்க்கும் கல்லூரிகளும் உண்டு, விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு வருடம் போகட்டும். பிகேசி என்கிற பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் உங்களுக்கு நடக்கும் தூரம், அங்கே ரெஸ்டாரண்ட் கிச்சன் எத்தனை! ஏதாவது ஒன்றில் உதவியாளாகச் சேரட்டும். முகூர்த்த சீசனில் ஹோட்டல்களின் பேங்க்வெட் விருந்துகளுக்குத் தினக்கூலி ஆட்கள் எடுப்பார்கள், அதற்கும் போகட்டும். பன்னிரண்டு மணி நேரம் நின்று வெங்காயம் உரிக்கட்டும். மதியம் விட்டு மறுபடி மாலையில் கூப்பிடும் பிரேக் ஷிப்ட் எப்படி இருக்கும், எண்ணெய் தெறித்த கையோடு கடைசி லோக்கல் ரயிலைப் பிடித்து வீட்டுக்கு வருவது எப்படி இருக்கும் என்று பார்க்கட்டும். அப்பாவோடு அதிகாலையில் எழுந்து மாவுப்பானை தூக்கிய பையன் என்றால் தாங்குவான் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அவனே தெரிந்துகொள்ள வேண்டும். முதல் வருடத்திலேயே ஓடிவந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கட்டிய பணம் திரும்பி வந்ததில்லை.

கப்பல் பேச்சை நம்பாதீர்கள். கப்பல் வேலை பொய்யில்லை, நல்ல வேலைதான். ஆனால் பொதுவாக ஸ்டார் ஹோட்டல் அனுபவம் கேட்பார்கள். எஸ்டிசிடபிள்யூ என்ற கடல் பாதுகாப்புப் பயிற்சி, சிடிசி என்ற கப்பல் தொழிலாளி புத்தகம், மெடிக்கல் எல்லாம் முடிக்க வேண்டும். ஒப்பந்தம் சில மாதங்களுக்கு, இடையில் வீட்டில் இருக்கும் காலத்துக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு, மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டிஜி ஷிப்பிங் தரும் ஆர்பிஎஸ்எல் என்ற ஆள்சேர்ப்பு உரிமம் இருக்க வேண்டும், வேலைக்காகக் கப்பல் தொழிலாளியிடம் அவர்கள் பணம் வாங்கவே கூடாது. கல்லூரிச் சேர்க்கைக்குக் கமிஷன் வாங்குகிற ஏஜென்ட் மூன்று வருடம் கழித்துக் கிடைக்கப்போகும் வேலையை 'நிச்சயம்' என்கிறார். எழுத்தில் கேளுங்கள், தரமாட்டார்.

இத்தனைக்குப் பிறகும் தம்பி அந்தத் தனியார் கல்லூரிதான் என்று நின்றால், இருவரும் ஒரு வேலைநாளில் சொல்லாமல் அங்கே போங்கள். பிராக்டிகல் நடக்கும் கிச்சனைப் பாருங்கள். ஒவ்வொரு மாணவனும் தனியாகச் சமைக்கிறானா, இல்லை ஆசிரியர் சமைப்பதை முப்பது பேர் சுற்றி நின்று போனில் படம் எடுக்கிறார்களா? போன வருடம் முடித்தவர்களில் சிலருடைய போன் நம்பரை வாங்கி, இப்போது எந்த ஹோட்டலில் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் ஹோட்டல் லோகோக்களால் ஒன்றும் தெரியாது. டிரெய்னிங்குக்கு ஒரு பையனை எடுத்திருந்தாலும் லோகோ ஏறிவிடும்.

நான் போடும் எல்லை இதுதான்: கடன் மொத்தம் 4 லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. அந்த அளவு வரை பொதுவாக வங்கிகள் சொத்து ஜாமீனோ மூன்றாம் நபர் ஜாமீனோ கேட்பதில்லை, தவணையும் கமி சம்பளத்தில் சமாளிக்கும்படி இருக்கும். அதற்குள் பட்டம் அமையவில்லை என்றால், பத்தாவது முடித்தவர்களே சேரக்கூடிய ஒன்றரை வருட ஃபுட் புரொடக்ஷன் அண்ட் பாட்டிஸரி (சமையல், கேக்-பேஸ்ட்ரி) படிப்பு ஐஹெச்எம்கள் பலவற்றில் இருக்கிறது. கமியாக நுழைய அது போதும், வேண்டுமானால் பி.காம். போன்ற ஒரு பட்டத்தைப் பிறகு தொலைதூரக் கல்வியில் முடித்துக்கொள்ளலாம்.

மாதக் கடைசி தேதியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அந்தத் தேதிக்குப் பிறகும் அவர்கள் போன் செய்வார்கள்.

அன்புடன்.