இரவு டிபன் வண்டிக்கு எந்த அனுமதி வேண்டும்?

கேள்வி: கிருஷ்ணகிரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நானும் என் மகளும் நான்கு மாதமாக இரவு 8 மணியிலிருந்து 2 மணி வரை தள்ளுவண்டியில் இட்லி, கல் தோசை, ஆம்லெட் போட்டு விற்கிறோம். ஷிப்ட் முடிந்து வரும் பெண் பிள்ளைகளும் லாரி ஓட்டுநர்களும்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். 11 மணி ஆனால் ரோந்து வரும் போலீஸ் மூடச் சொல்கிறார்கள். 24 மணி நேரமும் கடை திறக்கலாம் என்று அரசே சொல்லியிருப்பது எங்களுக்குப் பொருந்தாதா? திருநங்கைத் தோழி ஒருவரையும் வேலைக்குச் சேர்த்துக்கொள்ள ஆசைப்படுகிறோம். கடன், மானியம் ஏதாவது கிடைக்குமா?

பதில்: நீங்கள் சொல்லும் அரசாணை உங்களுக்குப் பொருந்தாது. 2019இல் வந்து, 2022இலும் 2025இலும் மூன்று மூன்று ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்ட அந்த அனுமதி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் உரியது. அங்கே பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்க வேண்டுமென்றால் அவர்களிடம் எழுத்துப்பூர்வமான சம்மதம் பெற வேண்டும். பாதுகாப்பு, போக்குவரத்து, கழிப்பறை எல்லாவற்றையும் முதலாளி செய்து தர வேண்டும். நல்ல நிபந்தனைகள்தான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு நள்ளிரவில் சூடாக இரண்டு இட்லி போடுகிற இன்னொரு பெண் இந்த ஆணைக்குள் வரவில்லை. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. இரவுப் பொருளாதாரம் என்று பேசினாலே ஆலையும் மாலும்தான் நினைவுக்கு வருகின்றன, தள்ளுவண்டி வருவதில்லை.

அதனால் ரோந்து போலீசாரிடம் அந்த அரசாணையைக் காட்டி வாதாடாதீர்கள், நிற்காது. உங்களுக்கான சட்டம் வேறு. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம்தான் அது. அதன்படி நகராட்சி தரும் விற்பனைச் சான்றிதழ் உங்கள் கையில் இருந்து, அதிலுள்ள நிபந்தனைப்படி நீங்கள் வியாபாரம் செய்தால், வேறு எந்தச் சட்டத்தைச் சொல்லியும் போலீஸ் உட்பட யாரும் தடுக்கக் கூடாது என்று 27ஆம் பிரிவு சொல்கிறது. 'நிபந்தனைப்படி' என்ற சொல்லைக் கவனியுங்கள். சான்றிதழில் நேரம் என்னவென்று எழுதியிருக்கிறதோ, பாதுகாப்பும் அந்த நேரத்துக்குத்தான். ஆகவே விண்ணப்பத்தில் வெறுமனே 'டிபன் வண்டி' என்று எழுதாமல், 'இரவு 8 முதல் 2 மணி வரை' என்று தெளிவாகக் கேளுங்கள்.

ஓர் இடத்தைப் பலர் நேரம் பிரித்துப் பயன்படுத்திக்கொள்ள இந்தச் சட்டமே வழி வைத்திருக்கிறது. பகலில் மாம்பழம் விற்கிறவர் நிற்கும் இடத்தில் இரவில் நீங்கள் நிற்கலாம். உங்கள் நேரம் முடிந்ததும் வண்டியையும் பொருள்களையும் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். கிருஷ்ணகிரி மாதிரி இடநெருக்கடி உள்ள ஊரில் புது இடம் கேட்பதைவிட இப்படிக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. முடிந்தால் அந்தப் பகல் வியாபாரியிடம் பேசி, அவருடைய சம்மதக் கடிதத்தையும் இணைத்துவிடுங்கள்.

தெருவோர வியாபாரிகளின் கணக்கெடுப்பில் உங்கள் பெயர் இல்லையென்றால் பயப்பட வேண்டாம். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது கணக்கெடுப்பு நடக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கும் நகர விற்பனைக் குழு சான்றிதழ் தரலாம். அந்தக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகள். அவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். உங்கள் ஊர்க் குழுவில் இருக்கும் பெண் உறுப்பினர் யார் என்று நகராட்சியில் கேட்டு, விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்பே போய்ப் பாருங்கள்.

சான்றிதழ் கைக்கு வரும்வரை போலீஸ் சொன்னால் சண்டை போடாமல் மூடிவிடுங்கள். நகராட்சிக்காரர்கள் பொருளை எடுத்துச் சென்றால் பட்டியல் எழுதித் தரச் சொல்லுங்கள். கட்டணம் கட்டியபின், மாவு, சட்னி மாதிரிக் கெடும் பொருளை அன்றைக்கே தர வேண்டும். மற்றவற்றை இரண்டு வேலை நாளில் தர வேண்டும். இடைஞ்சல் இல்லாமல் இருக்குமே என்று வண்டியை பைபாஸ் சர்வீஸ் ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடாதீர்கள். சென்னை, பெங்களூரு, சேலம் சாலைகள் சந்திக்கும் ஊர் என்பதால் அந்த எண்ணம் வருவது இயல்பு. ஆனால் தேசிய நெடுஞ்சாலை நிலத்துக்கு வேறு சட்டம், அங்கே நகராட்சிச் சான்றிதழ் செல்லாது. வேகமாக வரும் வாகனங்களுக்குப் பக்கத்தில் உங்கள் மகள் அடுப்போடு நிற்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம் உங்கள் தோழி. அவரைச் சேர்த்துக்கொள்ள நினைத்ததற்கு முதலில் என் நன்றி. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. சான்றிதழ் பெறுகிறவர் தானோ தன் குடும்பத்தாரோ வியாபாரத்தை நடத்துவதாக உறுதி எழுதித் தர வேண்டும். மகள் என்றால் சரி. தோழியைச் சம்பளத்துக்கு வைத்தால் யாராவது புகார் கொடுக்க அது ஒரு காரணமாகிவிடும். அதனால் அவர் பெயரிலேயே தனிச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். உங்கள் வண்டிக்குப் பக்கத்தில் அவர் பால், டீ போடட்டும். இரண்டு வண்டி சேர்ந்து நின்றால் பாதுகாப்பும் கூடும். சம்பளக்காரராக இருப்பதைவிடத் தொழில்காரராக இருப்பது அவருக்கும் நல்லதுதானே. தமிழ்நாட்டில் 2008 முதல் திருநங்கைகளுக்கு நலவாரியம் இருக்கிறது. அதன் அடையாள அட்டை இருந்தால், சுயதொழில் தொடங்க ₹50,000 வரை மானியம் கேட்டு மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். அட்டை இல்லையென்றால் முதல் வேலை அதை வாங்குவதுதான்.

உங்களுக்குக் கடன் என்றால் தெருவோர வியாபாரிகளுக்கான பிரதமர் ஸ்வநிதி திட்டம் இருக்கிறது. 2020இல் தொடங்கியபோது முதல் தவணைக் கடன் ₹10,000. 2025 ஆகஸ்டில் செய்த மாற்றத்துக்குப் பிறகு முதலில் ₹15,000, அதை ஒழுங்காக அடைத்தால் ₹25,000, அதற்கடுத்து ₹50,000. தவணை தவறாமல் கட்டினால் ஆண்டுக்கு 7 சதவீத வட்டி மானியமாக உங்கள் கணக்குக்குத் திரும்பி வரும். இதற்கும் விற்பனைச் சான்றிதழோ நகராட்சியின் பரிந்துரைக் கடிதமோ வேண்டும். பின்னாளில் சின்ன உணவகமாக வளர்க்கும் எண்ணம் வந்தால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். பட்டியல் சாதி, பழங்குடியினர் என்றால் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீதம் மூலதன மானியம் உண்டு. ஏதாவது மகளிர் குழுவில் இருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. 1989இல் தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு விதை போட்டது உங்கள் மண்தான், அன்றைய ஒன்றுபட்ட தர்மபுரி மாவட்டம். குழுவில் இருந்தால் அங்கேயும் கடன் கேட்கலாம்.

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துவிடுங்கள். அடுப்புக்கு வீட்டு சிலிண்டர் கூடவே கூடாது, வணிக சிலிண்டர்தான். யாராவது தொந்தரவு செய்தால் 112, பெண்களுக்கான உதவி எண் 181.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று. ஆறு மணி நேரம் நிற்கிறீர்கள், கழிப்பறைக்கு எங்கே போகிறீர்கள்? 2 மணிக்கு வீட்டுக்கு எப்படிப் போகிறீர்கள்? நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது கடைசிப் பேருந்து போன பிறகு உங்களுக்கு உதவாது. இரவுத் தொழிலில் பெண்கள் நீடிக்க முடியாமல் போவதற்குக் கடன் கிடைக்காததைவிட இவைதான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் தனி மனு கொடுங்கள். பஸ் நிலையத்தின் பெண்கள் கழிப்பறை இரவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒரு விளக்கு வேண்டும், நள்ளிரவு தாண்டி ஒரு நகரப் பேருந்து வேண்டும் என்று மூன்றையும் எழுதுங்கள். ஷிப்ட் முடிந்து உங்களிடம் சாப்பிட வரும் பிள்ளைகளிடமும் அதில் கையெழுத்து வாங்குங்கள்.