அப்பா நினைவாக ப்ளஸ் டூ முடிக்கும் மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்க நினைக்கிறோம். எப்படித் தொடங்குவது?

தாராளமாகத் தொடங்குங்கள், ரொம்ப நல்ல காரியம். எங்கள் பாட்டி பெயரில் எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் சில வருடங்களாக இதைச் செய்து வருகிறோம், அதை வைத்துச் சொல்கிறேன். அறக்கட்டளை, பத்திரம், பதிவு எல்லாம் அப்புறம். பணம் யாருக்கு, எந்த மாதத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதை முதலில் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

வழக்கமாக என்ன செய்வார்கள் என்றால், பள்ளியில் முதல் மதிப்பெண் எடுத்தவருக்கு ஆண்டு விழாவில் ஒரு தொகை கொடுப்பார்கள். முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளையைத் தேடி ஊரில் பல பேர் வருவார்கள், கல்லூரிகளே கூப்பிட்டு இடம் கொடுக்கும். 600க்கு 400, 420 எடுத்துவிட்டு, கல்லூரி இடமும் கிடைத்து, சேருவதற்குக் கையில் பணம் இல்லாமல் ஏதோ ஒரு கடையில் வேலைக்குப் போய்விடுகிற பிள்ளையைத் தேடி யாரும் வருவதில்லை. நீங்கள் அந்தப் பிள்ளையைத் தேடிப் போக வேண்டும் என்பதுதான் என் கருத்து.

அரசுதான் நிறைய கொடுக்கிறதே என்று கேட்பீர்கள். கொடுக்கிறது, உண்மைதான். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் 2022 முதல் வருகிறது, பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024இல் வந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. ஆனால் இதெல்லாம் கல்லூரியில் சேர்ந்த பிறகு, சரிபார்த்த பிறகு வருகிற பணம். சேரும் வாரத்தில் ஆகும் செலவு கைக்காசு.

ஒரு முறை ஒரு மாணவியின் அம்மா, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் செலவைப் பென்சிலால் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். விடுதி முன்பணம், முதல் மாத மெஸ், பாய், தலையணை, வாளி, பூட்டு, இரண்டு செட் சுடிதார், பஸ், சான்றிதழ்களுக்கு ஜெராக்ஸ், இன்னும் என்னென்னவோ. கடைசி வரியில் 'கம்மல்' என்று எழுதி எதிரே ஒரு தொகை. அது செலவு இல்லை, அடகு வைத்தால் கிடைக்கும் வரவு. அந்தத் தாளில் இருந்த மொத்தத் தொகை பெரிய தொகையே இல்லை, அதனால்தான் எனக்கு அவ்வளவு வலித்தது. உங்கள் அப்பா பெயரில் போகிற பணம் கல்லூரியில் சேருகிற அந்த வாரத்துக்குப் போகட்டும்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். 5 லட்சத்தை வங்கியில் போட்டு வட்டியில் நடத்தலாம் என்பதுதான் பலரும் சொல்வது. 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வருடம் 35,000. ஒரே ஒரு பிள்ளைக்கு என்றால் நல்ல தொகைதான், ஆனால் வருடா வருடம் ஒரு புதுப் பிள்ளையைச் சேர்த்து, மூன்று வருட டிகிரி முழுக்கக் கொடுப்பதாகச் சொன்னால் மூன்றாம் வருடத்தில் மூன்று பேர் ஆகிவிடுவார்கள், ஆளுக்கு 11,600 சொச்சம்தான். வட்டி முழுவதையும் கொடுத்துவிட்டால் முதல் அப்படியே நிற்கும், விலைவாசி மட்டும் ஏறிக்கொண்டே போகும் என்பதையும் பாருங்கள். அதனால் வட்டியில் ஒரு பகுதியை முதலோடு சேர்த்துவிட்டு, பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையை எடுத்தால் அது டிகிரி முடிக்கும் வரை விடாதீர்கள். முதல் வருடம் கொடுத்துவிட்டு நடுவில் நிறுத்துவது மாதிரி ஒரு கொடுமை கிடையாது.

குடும்பத்துக்குள்ளேயே பணம் போட்டுச் செய்வதானால் அறக்கட்டளை கட்டாயம் இல்லை, மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பிவிடலாம். சொந்தக்காரர்கள் அல்லாத வெளியாரிடமும் நன்கொடை வாங்கப் போகிறீர்கள் என்றால் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, வருமான வரிப் பதிவும் வாங்கி, வருடா வருடம் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். அதற்கு ஒரு ஆடிட்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கு விண்ணப்பப் படிவம், வறுமையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்வது இதெல்லாம் வேண்டவே வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு எந்தப் பிள்ளை காலையில் பேப்பர் போட்டுவிட்டு வகுப்புக்கு வருகிறது, எந்த வீட்டில் அப்பா இல்லை என்பதெல்லாம் தெரியும். அவர்களிடம் நாலைந்து பெயர் கேட்டு வாங்கி, நீங்களே வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். மேடை, காசோலையைப் பிடித்துக்கொண்டு போட்டோ, இதுவும் வேண்டாம். பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்தாலே போதும். அதற்குப் பதிலாக, பணம் அனுப்பும்போது உங்கள் அப்பா யார், என்ன வேலை பார்த்தார், எதுவரை படித்தார் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். எங்கள் பாட்டி ஐந்தாம் வகுப்போடு நின்றவர் என்று எழுதியிருந்தோம், இரண்டு மூன்று பிள்ளைகள் அவரைப் பற்றி மேற்கொண்டு கேட்டார்கள், எங்களுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

இந்த வருடமே தொடங்குவதாக இருந்தால் ஜனவரி, பிப்ரவரியிலேயே தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். மார்ச் வந்துவிட்டால் அவர்களுக்குப் பொதுத்தேர்வு வேலைக்கே நேரம் சரியாக இருக்கும், மே மாதம் ரிசல்ட் வந்ததும் பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள், அப்புறம் போன் நம்பர் தேடியே ஜூன் ஓடிவிடும்.