பாதியில் சொன்னால் என்ன?

அன்புள்ள ஐயா,

என் மகன் வர்ஜீனியா டெக்கில் படிக்கிறான். அங்கே அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு 29 சீசன் கோச்சாக இருந்த ஃபிராங்க் பீமரைப் பற்றி அடிக்கடி சொல்வான். 2015இல் சீசன் நடுவிலேயே ஓய்வை அறிவித்தாராம். ஆடுகிற பையன்கள் கலங்கிப்போக மாட்டார்களா? எல்லாம் முடிந்தபின் சொல்லியிருக்கலாமே? அந்தச் சீசனும் 7 வெற்றி, 6 தோல்விதான். இதில் கொண்டாட என்ன இருக்கிறது? கல்லூரிக்குப் போவது படிக்கத்தானே?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

படிப்பா விளையாட்டா என்ற வழக்கை விட்டுவிடுகிறேன். அதில் எனக்கு ஆர்வமில்லை.

பீமர் அறிவித்தது நவம்பர் 1. அப்போது அணிக்கு 4 வெற்றி, 5 தோல்வி. பாக்கி மூன்று ஆட்டம். இரண்டிலாவது ஜெயித்தால்தான் பௌல் ஆட்டத்துக்கு, அதாவது சீசன் முடிவில் தேறிய அணிகளுக்கு மட்டும் நடத்தும் சிறப்பு ஆட்டத்துக்கு, போகலாம். ஜார்ஜியா டெக்கை 23-21 என்று ஜெயித்தார்கள். சொந்த மைதானத்தில் அவருக்குக் கடைசி ஆட்டம், வட கரோலினாவிடம் கூடுதல் நேரத்தில் 30-27 என்று போனது. அடுத்த வாரம் பரம எதிரியான வர்ஜீனியா பல்கலைக்கழகத்தை, அவர்கள் மைதானத்திலேயே, 23-20 என்று ஜெயித்தார்கள். கலங்கிப்போன பையன்கள் இப்படியா ஆடுவார்கள்?

எங்கள் பி.டி. சார் ஒரு வெள்ளிக்கிழமை வழக்கம்போல விசில் ஊதி எங்களை அனுப்பினார். திங்கட்கிழமை வேறொருவர் வந்து நின்றார். சார் ரிட்டயர் ஆகிவிட்டார் என்று அப்போதுதான் தெரியும். ‘போய்ட்டு வாங்க சார்’ என்று சொல்லக்கூட எங்களுக்கு வாய்க்கவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது எனக்கு ஆறவில்லை. பையன்களுக்குத் தெரியவேண்டும் ஐயா. தெரிந்தால் அழுவார்கள், அழட்டுமே.

சரி, 7-6க்கு வருகிறேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இதில்தான். ஒரு மனிதரின் கடைசி வருடத்தை மட்டும் பிய்த்தெடுத்துக் கணக்குப் பார்க்கிறீர்கள். முதல் ஆறு வருடத்தைப் பார்த்தீர்களா? 1987இல், தான் மாணவனாக ஆடிய அதே கல்லூரிக்குக் கோச்சாக வந்தார். முதல் சீசன் 2-9. அடுத்தது 3-8. நடுவில் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். ஆறாவது வருடம், 1992, மறுபடி 2 வெற்றி, 8 தோல்வி, ஒரு சமன். ஆறு வருடத்தையும் கூட்டினால் 24 வெற்றி, 40 தோல்வி, 2 சமன்.

இன்றைக்கு இந்தக் கணக்கோடு ஒரு கோச் பிழைப்பாரா? மூன்றாம் வருடமே பெட்டியைக் கட்டச் சொல்லியிருப்பார்கள். நீங்களும் கைதட்டியிருப்பீர்கள், உங்கள் கடிதத்தின் தொனி அப்படித்தான் இருக்கிறது. அந்தக் கல்லூரி அவரை அனுப்பவில்லை. இன்னும் ஒரு வருடம் கொடுத்தது. 1993இல் 9-3. அந்த வருடம் தொடங்கி 2015 வரை, ஒன்றுகூடத் தவறாமல், 23 சீசன் பௌல் ஆட்டம். நடுவில் ஒருமுறை தேசிய சாம்பியன் பட்டத்துக்கான இறுதி ஆட்டம் வரைக்கும் போனார்கள். 1992இல் யாராவது பொறுமை இழந்திருந்தால் இதில் ஒன்றும் இல்லை. உங்கள் மகனுக்குச் சொல்லக் கதையும் இல்லை.

அப்புறம் ஒன்று. 1993இல் அவர்கள் ஜெயித்த பௌல் ஆட்டம் லூசியானாவில் ஷ்ரீவ்போர்ட் என்ற ஊரில் நடந்த இண்டிபெண்டன்ஸ் பௌல். 2015 டிசம்பர் 26, பீமரின் கடைசி ஆட்டமும் அதே ஷ்ரீவ்போர்ட்டில், அதே பௌல். டல்சா அணியை 55-52 என்று ஜெயித்தார்கள். எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடுவதை அவர் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். அன்றைக்கும் ஒரு பையன் அப்படிப் பிடித்து, எதிரணியின் எல்லைக்கோடு வரைக்கும் ஓடிப் புள்ளி எடுத்தான்.

அன்புடன்.