சீடர் (cedar) மரம் பழுப்பேறினால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வீட்டு முன்னால் நிற்கும் தேவதாரு என்ற சீடர் மரத்தில் உட்பக்க இலைகள் மஞ்சளாகிப் பழுப்பேறிக் கொட்டுகின்றன. கிளை நுனிகள் பச்சையாகவே இருக்கின்றன. மரம் பட்டுவிடுமோ?

பதில்: பயப்பட வேண்டாம். என்றும் பசுமையான மரம் என்றாலும் ஒவ்வோர் இலைக்கும் சில ஆண்டுகள்தான் ஆயுள். வயதான இலைகள் கிளையின் உட்பகுதியில் இருப்பதால் பழுப்பு அங்கிருந்தே தொடங்கும். மரம் முழுக்க ஒரே சீராக இப்படி நடந்தால் அது இயல்பான உதிர்வு. பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் நடக்கும். தேவதாரு வசந்தத்தில் புதுத்துளிர் விடும்போதும் கொட்டும். கோடை கடுமையாக இருந்த ஆண்டில் கூடுதலாகவே கொட்டும். பழுப்பு நுனியிலிருந்து உள்ளே வந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் வந்தாலோ, ஒரு கிளை மட்டும் முழுதாகக் காய்ந்தாலோதான் காரணம் தேட வேண்டும்.

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன் வேலிக்காக 1.5 மீட்டர் உயரமுள்ள 20 சீடர் கன்றுகள் நட்டோம். தினமும் மாலையில் தண்ணீர் விட்டும் 6 கன்றுகள் பழுத்துவிட்டன. இன்னும் அதிகம் விட வேண்டுமா?

பதில்: தண்ணீரைக் கூட்டும் முன் மண்ணைப் பாருங்கள். வேர் காய்ந்தாலும் இலை பழுக்கும், வேர் அழுகினாலும் பழுக்கும். வெளியிலிருந்து பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது.

வேலிக்குச் சீடர் என்று விற்பது பெரும்பாலும் தூஜா என்ற வேறு மரம். இலைகள் செதில் செதிலாகத் தட்டையாகப் படிந்திருந்தால் அதுதான். தேவதாரு, லெபனான் சீடர், அட்லஸ் சீடர் போன்ற உண்மையான சீடர்களில் குட்டையான முண்டுகளின் மேல் ஊசியிலைகள் கொத்துக் கொத்தாக நிற்கும். இவை வேரூன்றிவிட்டால் வறட்சியைத் தாங்கும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக இருந்தால் இவற்றுக்குப் பிடிக்கும். தூஜாவுக்கு மண் முழுதாகக் காயவும் கூடாது, சேறாகவும் கூடாது.

தண்டிலிருந்து சற்றுத் தள்ளி, கன்றோடு வந்த வேர்க்கட்டிக்குள்ளேயே 15 செ.மீ. ஆழத்துக்குக் கைக்கொத்தியால் குத்தி மண்ணை எடுத்து உள்ளங்கையில் அழுத்துங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால் தாகம். தினமும் தெளிக்கிற தண்ணீர் மேல்மண்ணோடு நின்றுவிடுகிறது. இன்னொன்றும் உண்டு: தொட்டிக் கலவை ஒரு முறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உறிஞ்சாது. சுற்றிலும் மண் ஈரமாக இருக்கும், நடுவில் வேர்க்கட்டி மட்டும் வறண்டு கிடக்கும். குழாயை மிக மெதுவாகத் திறந்து, வேர்க்கட்டியின் மேலேயே ஒரு கன்றுக்கு 15 முதல் 20 லிட்டர் வரை இறங்க விடுங்கள். வாரம் இரண்டு முறை போதும். மழை பெய்தால் குறைத்துக்கொள்ளலாம். பிறகு மரப்பட்டைத் துண்டுகளால் 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். தண்டைச் சுற்றி 10 செ.மீ. இடம் விட்டே போட வேண்டும். தண்டோடு குவித்தால் அடிப்பட்டை அழுகும்.

அழுத்தும்போது விரலிடுக்கில் நீர் கசிந்தாலோ, புளித்த நாற்றம் அடித்தாலோ வேரழுகல் என்று சந்தேகியுங்கள். மெல்லிய வேர் ஒன்றை இழுத்துப் பாருங்கள். மேல்தோல் உறைபோலக் கழன்று உள்ளே நூல் மட்டும் நின்றால் அது செத்த வேர். பைட்டோப்தோரா என்ற கிருமி தேங்கிய ஈரத்தில் இதைச் செய்யும். செத்த வேருக்கு மருந்து உயிர் கொடுக்காது. பட்ட கன்றை வேரோடு எடுத்துவிட்டு, வடிகால் சரிசெய்து, 20 முதல் 30 செ.மீ. உயர மேட்டில் மறு கன்று நடுங்கள். தண்டு அகன்று வேராகப் பிரியும் இடம் மண்மட்டத்தில் தெரிய வேண்டும். அது புதைந்திருந்தாலும் இதே கதிதான்.

வேர் கெட்டுப் பல வாரம் கழித்துத்தான் ஊசியிலை மரம் நிறம் மாறும். அதனால் பச்சையாக நிற்கும் மற்ற 14 கன்றுகளையும் இன்றே தோண்டிப் பாருங்கள்.

கேள்வி: பனிக்காலம் முடிந்ததும் தூஜா வேலியில் காற்றடிக்கும் பக்கம் மட்டும் கருகிப்போனது போல் இருக்கிறது. வெட்டிவிடலாமா?

பதில்: கத்தரிக்கோலை இப்போது எடுக்காதீர்கள். தரை உறைந்திருக்கும்போது வேரால் நீர் இழுக்க முடியாது. வெயிலும் காற்றும் இலையிலுள்ள நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் வந்த கருகல் இது. பழுத்த இலை மறுபடி பச்சையாகாது, ஆனால் கிளை உயிரோடு இருக்கலாம். நகத்தால் பட்டையை லேசாகக் கீறுங்கள். அடியில் ஈரப்பச்சை தெரிந்தால் வசந்தம் முடியும்வரை விட்டுவையுங்கள், துளிர் வரும். அடுத்த ஆண்டு தரை உறையும்வரை ஆழமாக நீர் பாய்ச்சுங்கள். காற்றுப் பக்கம் கழி நட்டுச் சாக்குத்துணி கட்டுங்கள். பிளாஸ்டிக் தாள் வேண்டவே வேண்டாம், வெயிலில் உள்ளே வெந்துவிடும். பக்கத்துச் சாலையில் பனியுருக்க உப்புப் போடுகிறார்கள் என்றால், சாலையைப் பார்த்த பக்கமும் இப்படித்தான் கருகும்.

கேள்வி: இலைகள் புள்ளி புள்ளியாக வெளிறி, பிறகு செம்பழுப்பாகின்றன. பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை.

பதில்: ஒரு வெள்ளைத்தாளைக் கிளைக்கு அடியில் பிடித்து நான்கைந்து தட்டுத் தட்டுங்கள். தாளில் மிளகாய்ப்பொடி சிதறியது போல் விழுந்த புள்ளிகள் நகர்கின்றனவா என்று பாருங்கள். நகர்ந்தால் அவை சிலந்திப்பேன்கள். விரலால் தேய்த்தால் கறை படியும். வேகமான நீர்ப்பீய்ச்சலால் இலையின் இருபுறமும், 4 நாளுக்கு ஒரு முறை, இரண்டு வாரம் கழுவுங்கள். கண்ட பூச்சிமருந்தையும் அடித்தால் பேனைத் தின்னும் நல்ல பூச்சிகள் முதலில் சாகும், பேன் இரட்டிப்பாகும். கூம்பு போன்ற சிறு பைகள் தொங்கினால் அவை பைப்புழுவின் வேலை. பனிக்காலத்திலேயே கையால் பறித்து அழித்துவிடுங்கள். ஒரே பையில் நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கும்.

கேள்வி: காய்ந்த கிளைகளை வெட்டி உரம் போட்டால் மீண்டும் தழையுமா?

பதில்: செத்த கிளையை வெட்டலாம். ஆனால் இலையில்லாத பழைய கட்டைவரை வெட்டினால் அங்கிருந்து துளிர் வராது, ஓட்டை அப்படியே நிற்கும். பச்சை உள்ள இடத்துக்கு மேலே நிறுத்துங்கள். வாடிய மரத்துக்கு உரம் வேண்டாம். வேர் தேறி, நுனிகள் புதிதாக நீளத் தொடங்கிய பிறகு, வசந்தத்தில் கொஞ்சமாகப் போடுங்கள்.